தலைவரின் மேற்பாதி

படியேறியவர் மேலதிகாரி. மூச்சிரைத்தது அவருக்கு. குற்றச்சாட்டு மட்டும் வரைவாளர் மேல் வந்து விழுந்தது.

பொய் சொன்னால் பல் விழும் என்பார்கள். என் வாயில் விழுவதற்கு மிச்சம் ஏதுமில்லை. ஆகவே எனக்குப் பொய் சொல்வதில் பயமுமில்லை, லாபமுமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மெல்ல முடிந்தவர்கள் மென்றுகொள்ளலாம்.

வரைவாளர் கட்டடத் துறையில் வேலை பார்த்தார். பாலங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் படம் வரைந்து கொடுப்பது அவர் வேலை. ஒல்லியான மனிதர். எந்தப் பேச்சையும் ‘தப்பா நெனச்சுக்காதீங்க’ என்று ஆரம்பிப்பார். மணி கேட்டால்கூட, ‘தப்பா நெனச்சுக்காதீங்க, பத்தரை’ என்பார். அவர் தலித். இந்த விஷயம் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் அவரைப் பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

கண்டுபிடித்த விதமும் எளிது. வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து மேசைக்காரர் சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

“சார் எந்தப் பக்கம்?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, சார்.”

“அது இப்ப. அதுக்கு முன்னால?”

“அப்பா மில்லுல இருந்தாரு. மில் பக்கம்.”

“மில் எல்லாருக்கும் பொது. தாத்தா எந்தப் பக்கம்?”

தாத்தாவின் வீடு ஊரின் எந்த ஓரத்தில் இருந்தது என்பது வரை போய்ச் சேர்ந்ததும், பக்கத்து மேசைக்காரர் “ரொம்ப சந்தோஷம்” என்றார். எழுந்து போய்க் கையைக் கழுவினார். மறுநாள் அவருடைய மேசை ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தது. காற்று வேண்டுமாம்.

அலுவலகம் ஒன்பதாவது மாடியில். கட்டடத்துக்கு ஒரே ஒரு லிஃப்ட். வரைவாளர் அதில் ஏறினால் உள்ளே இருப்பவர்களுக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும். ஒருவருக்கு வண்டியைப் பூட்டினோமா என்று சந்தேகம். ஒருவருக்கு அடிக்காத ஃபோன் அடிக்கும். ஒருவருக்குச் செத்துப்போன பெரியப்பா வாசலில் காத்திருப்பார். கதவு மூடும்போது உள்ளே வரைவாளரும், முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும் லிஃப்ட்காரரும் மட்டும் இருப்பார்கள். லிஃப்ட்காரரை எல்லோரும் ‘பொத்தான்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

“உங்களோட வந்தா எனக்கு நல்லா காத்து வருது, சார்,” என்பார் பொத்தான். “மத்த நேரம் நெரிசல்ல செத்துடுவேன்.”

வரைவாளர் சிரிக்கமாட்டார். பயப்படுவார். யார் முகத்தில் என்ன கோணல், யார் குரலில் என்ன மாற்றம் என்று நாள் முழுக்க வேவு பார்த்துக் களைத்துப்போவார். கொஞ்ச காலம் படியிலேயே ஏறிப் பார்த்தார். ‘பாத்தீங்களா, அவருக்கே தெரியுது’ என்று பாராட்டினார்கள். முழங்கால் வீங்கியதும் மறுபடி லிஃப்டுக்கு வந்தார்.

ஒருநாள் காலை மூடப்போகும் கதவுக்குள் அவசரமாக நுழைந்துவிட்டார். உள்ளே மேலதிகாரி. மேலதிகாரிக்கு உடனே மாடிப்படியின் மேல் ஓர் ஆசை வந்தது. இறங்கினார். ஏறினார். ஏழாவது மாடியில் உட்கார்ந்தார். மிச்ச மாடிகளுக்கு அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

மத்தியானமே விசாரணை. ‘மேலதிகாரியைப் படியேற வைத்தது ஏன்? வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது?’

வரைவாளர் வீட்டுக்கு வந்ததும் முதலில் ஜன்னலைச் சாத்தினார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போதுதான் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

“அவரு கால்ல அவரு ஏறினாரு. அதுக்கு நீங்க எப்படிங்க பொறுப்பு?”

“மெதுவா பேசு. கீழ் வீட்டுல கேக்கும்.”

“கேக்கட்டுமே.”

“கேட்டா வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. வேலையும் போய் வீடும் போயி...” தண்ணீர் குடித்தார்.

“உச்சி மாடியில சமத்துவ வாரியம்னு ஒண்ணு வச்சிருக்காங்களே. அங்க போயி சொல்லுங்க.”

“அங்க போனா விஷயம் வெளிய வந்துடும்.”

“வெளிய வராமத்தான் இவ்வளவு நாளும் தனியா லிஃப்ட்ல போயிட்டு வந்தீங்களா, ராஜா மாதிரி?” என்றாள் அவள். அதோடு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

சமத்துவ வாரியம் அதே கட்டடத்தின் உச்சியில் இருந்தது. சமத்துவத்தைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. வாசலில் ‘இங்கு அனைவரும் சமம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘அழைத்தால் மட்டும் உள்ளே வரவும்.’

உள்ளே தலைவருக்குச் சாய்வு நாற்காலி. செயலாளருக்குக் கைவைத்த நாற்காலி. உறுப்பினர்களுக்குக் கை இல்லாத நாற்காலி. முறையிட வருபவருக்கு ஒரு குட்டி முக்காலி. அதில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். ‘சமத்துவத்தை அண்ணாந்து பார்க்க வசதி’ என்று செயலாளர் விளக்கினார்.

வாரியத்துக்கு ஒரு விதி உண்டு. அந்தக் கட்டடத்துக்குள் ‘சாதி’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. ஒழிந்துபோன ஒன்றின் பெயரைச் சொல்வது அதை எழுப்பிவிடும் என்பது கொள்கை. அதனால் அந்தச் சொல்லோடு வந்த எந்த முறையீட்டையும் வாரியம் இதுவரை கேட்டதில்லை. கேட்காததால் முறையீடே இல்லை. முறையீடு இல்லாததால் வாரியத்துக்கு வருடா வருடம் பாராட்டு விழா.

“சொல்லுங்க நண்பரே,” என்றார் தலைவர். பெருத்த மனிதர். குரலில் வெண்ணெய் தடவியிருந்தது. “ஏன் எல்லாரும் இறங்கிடறாங்கன்னு நெனைக்கறீங்க?”

“தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா. நான் வந்து... என்னோட... சாதி...”

செயலாளர் காதைப் பொத்திக்கொண்டார். ஓர் உறுப்பினர் எழுந்து கதவைச் சாத்தினார். இன்னொருவர் ஜன்னல் வழியாக அந்தச் சொல் தெருவில் விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

“பதற்றத்துல சொல்லிட்டாரு, விடுங்க,” என்றார் தலைவர் பெருந்தன்மையாக. “தம்பி, எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் வளர்ந்த விதம் அப்படி. என் வீட்டுல வேலை செய்றவங்களைக் கேட்டுப் பாருங்க. சமையல்காரர் யாரு, தோட்டக்காரர் யாரு, சாக்கடை அள்ள வர்றவன் யாருன்னு ஒவ்வொருத்தரைப் பத்தியும் எனக்குத் தெரியும். ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்லியிருப்பேனா? பின்வாசல்ல நிக்க வச்சித்தான் பேசுவேன். ஆனா அவ்வளவு மரியாதையா பேசுவேன்.”

உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

சாட்சிகள் வந்தார்கள். பக்கத்து மேசைக்காரர், “டாக்டர் படியேறச் சொல்லியிருக்காரு,” என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். எல்லோருக்கும் ஒரே டாக்டர். அவர் மாட்டு டாக்டர் என்பது கடைசி சாட்சியிடம்தான் தெரியவந்தது. அதனால் சாட்சியம் கெட்டுப்போகாது என்று செயலாளர் தீர்மானித்தார்; மாட்டுக்கும் முழங்கால் உண்டு.

கடைசியாக மேலதிகாரி வந்தார். “எனக்கு லிஃப்ட்னா பயம்,” என்றார்.

“மத்த நாள்ல வர்றீங்களே?”

“பயந்துகிட்டேதான் வர்றேன்.”

வாரியத்துக்கு வெளிச்சம் பிறந்தது. இதில் பாகுபாடே இல்லை. இருப்பது லிஃப்ட் பயம். இந்தப் பயத்தைப் போக்க, தலைவரே வரைவாளரோடு கீழ்த்தளத்திலிருந்து உச்சி மாடி வரை நேரில் பயணம் செய்து காட்டுவார். பத்திரிகைக்காரர்கள் அழைக்கப்படுவார்கள். பயணம் நல்லபடி முடிந்தால் வரைவாளரின் வேலை தப்பும். வாரியத்துக்குச் சங்கடம் ஏதாவது நேர்ந்தால் மேலதிகாரி தன் நடவடிக்கையைத் தொடரலாம். பயணத்துக்குப் பெயர், ‘சமத்துவப் பயணம்’.

அதன் பிறகு ஒத்திகை. லிஃப்டின் தரையில் சாக்குக்கட்டியால் இரண்டு கட்டம் போட்டார்கள். பெரிய கட்டம் தலைவருக்கு. மூலையில் ஒரு சின்னக் கட்டம்.

“காலை இதுக்குள்ளயே வைக்கணும்,” என்றார் செயலாளர். வரைவாளரைவிட வயதில் சின்னவர். “கையை ஆட்டக் கூடாது. இருமல் வந்தா?”

“வராதுங்க.”

“வந்தா முழுங்கிடு.”

தலைவரும் பயிற்சி செய்தார். தினமும் காலையில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கன்னம் உப்ப, கண்ணை மூடி நின்றார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தியானம் என்றார்கள். பொத்தானுக்கு மட்டும் சந்தேகம்.

“சார், லிஃப்ட் அடியிலிருந்து உச்சிக்குப் போற நேரமும் அவரு மூச்சை அடக்குற நேரமும் ஒண்ணாவே இருக்குது,” என்றார் வரைவாளரிடம், ரகசியமாக. “என்னன்னு தெரியல.”

வரைவாளருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் சொல்லவில்லை.

பயண நாளும் வந்தது. லிஃப்டின் கதவில் ‘சமத்துவ லிஃப்ட்’ என்று தடித்த பித்தளைப் பலகை ஒன்றை முடுக்கியிருந்தார் செயலாளர்.

“சார், கதவுல எதையும் ஒட்டாதீங்க, நடுவுல இடிக்கும்,” என்று பொத்தான் சொன்னார்.

“சமத்துவம் இடிக்கும்னு சொல்றியா?” என்று கேட்டார் செயலாளர். பொத்தானையும் லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் போனால்தான் படம் நன்றாக வருமாம்.

மனைவியும் லீவு போட்டு வந்திருந்தாள். “நிமிர்ந்து நில்லுங்க,” என்றாள். வரைவாளரின் தொண்டையில் ஒரு இருமல் வந்து உட்கார்ந்திருந்தது. அதை விழுங்கியபடி சின்னக் கட்டத்துக்குள் போய் நின்றார். பாதி பாதம் வெளியே நீண்டது. விரல்களை மடக்கிக்கொண்டார்.

“வாங்க நண்பரே, சேர்ந்தே உயர்வோம்!” என்று தலைவர் வெளியே பார்த்துச் சொன்னார். படம் எடுத்தார்கள். தலைவர் மூச்சை இழுத்தார். கதவு மூடியது.

ஒன்று. இரண்டு. மூன்று. தலைவரின் கன்னம் பூரித்திருந்தது. நான்கு. ஐந்து. படார் என்று ஒரு சத்தம். லிஃப்ட் குலுங்கி நின்றது. விளக்கு அணைந்து, பிறகு மங்கலாக எரிந்தது. பலகை எதிலோ மாட்டிக்கொண்டுவிட்டது.

தலைவர் மூச்சை விடவில்லை. முகம் சிவந்தது. பிறகு நீலம் பாய்ந்தது. கண் பிதுங்கியது.

“ஐயா, மூச்ச விடுங்க! ஐயா!” வரைவாளர் கட்டத்தைத் தாண்டலாமா என்று தவித்தார். இவர் செத்தால் கொன்றவன் யார் என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. கடைசியில் ஒரு காலை வெளியே வைத்து, தலைவரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

தலைவர் மூச்சை விட்டார். விட்டதை உடனே திரும்ப இழுக்கவும் வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் ஒரே காற்றைக் குடித்தார்கள்.

“தொட்டியா?” என்றார் தலைவர். கதவு மூடியதிலிருந்து ‘நண்பரே’ போய்விட்டிருந்தது.

“தட்டினேங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.”

லிஃப்ட் ‘கிறீச்’ என்று ஒரு சாண் கீழே இறங்கியது. தலைவர் பாய்ந்து வரைவாளரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே நின்றார்கள். யாருடைய இதயம் அடிக்கிறது என்று இருவருக்குமே தெரியவில்லை.

“தம்பி,” என்றார் தலைவர். “நாம பொழச்சா உன் வேலைக்கு நான் பொறுப்பு. சத்தியம்.”

கீழே நின்றவர்கள் படியேறி வந்து ஆறாவது மாடிக் கதவை வெளியிலிருந்து நெம்பித் திறந்தார்கள். லிஃப்டின் கூரை அவர்கள் காலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. பொத்தானின் குரல் கேட்டது.

“ஐயா! மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு, வர நேரமாவும். உள்ள மூச்சு முட்டினா கூரையில ஒரு மூடி இருக்குது, தள்ளித் திறங்க. தடியா இருக்கவரு கீழ நின்னுக்கணும். ஒல்லியா இருக்கவரு தோள்ல ஏறி முதல்ல வரணும். வந்துட்டா மேலருந்து கயிறு கட்டி...”

குறுக்கே செயலாளரின் குரல்.

“யாரு தோள்ல யாரு ஏறணும்?”

பொத்தான் மறுபடி சொன்னார். செயலாளர் அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினார். லிஃப்ட் இன்னும் ஒரு சாண் இறங்கியது. கூட்டம் இறங்கிவரவில்லை. ஒரு வரைவாளர் தலைவரின் தோளில் ஏறுவது வாரியத்தின் வரலாற்றில் இல்லாதது. தலைவர் வரைவாளரின் தோளில் ஏறுவதற்கோ முன்னுதாரணங்கள் ஏராளம். ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

“குனி,” என்றார் தலைவர்.

குனியலாமா வேண்டாமா என்று வரைவாளர் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை. முதுகு தானாகக் குனிந்துவிட்டது. அதற்கு நெடுநாள் பழக்கம்.

ஷூக்கால் தோளில் ஏறியது. இன்னொரு ஷூக்கால். வரைவாளரின் முழங்கால் பழைய வீக்கத்தை ஞாபகப்படுத்தியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நிமிர்ந்தார். மேலே மூடி திறந்தது. தலை போனது. தோள் போனது. வயிறு போகவில்லை.

இழுத்தார்கள். வரைவாளர் கீழிருந்து தள்ளினார். தலைவர் சீசாவில் கார்க் அடித்ததுபோல் இறுகிப்போனார். மேற்பாதி வெளியே, வெளிச்சத்தில், பத்திரிகைக்காரர்கள் முன்னால். கீழ்ப்பாதி உள்ளே, வரைவாளரின் தோளில்.

மேற்பாதிக்குக் காற்று கிடைத்தது. எதிரே கேமராக்கள் இருந்தன. மேற்பாதிக்குப் பேச்சு வந்துவிட்டது.

“அன்பர்களே! இது விபத்து அல்ல, வாய்ப்பு. எனக்கும் கீழே இருக்கும் ஒருவருக்கும் இடையில் இன்று எந்தத் தடையும் இல்லை. அவருடைய தோளில் நான் இருக்கிறேன். என் நெஞ்சில் அவர் இருக்கிறார். இதைவிட நெருக்கம் உண்டா?”

கை தட்டல். உள்ளே கீழ்ப்பாதி வெடவெடவென்று நடுங்கியது. அந்த நடுக்கம் ஷூ வழியாக இறங்கி வரைவாளரின் எலும்பில் சேர்ந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நகர்ந்தால் லிஃப்ட் விழும் என்று தோன்றியது. நகராவிட்டால் தோள் விழும்.

“உள்ளே இருந்தபோது நாங்கள் மனம்விட்டுப் பேசினோம்,” என்றது மேற்பாதி. “அவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘ஐயா, எனக்கு எந்தக் குறையுமில்லை. எல்லாம் என் கற்பனை. மேலதிகாரியைப் படியேற வைத்தது என் தவறு. முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்றார். கண்ணீர் விட்டார். நானும் விட்டேன்.”

“நான் சொல்லலை,” என்றார் வரைவாளர். கூரைத் துவாரத்தைத் தலைவர் அடைத்திருந்ததால் சத்தம் வெளியே நின்றவர்களை எட்டவில்லை.

“ஐயா, நான் அப்படிச் சொல்லலையே!”

ஷூ தோளில் அழுந்தியது. சும்மா இரு என்று அதற்கு அர்த்தம்.

அப்போதுதான் கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடுக்கு வழியாக ஒரு குரல் வந்தது.

“ஏங்க! உள்ள இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“எப்படி இருக்கீங்க?”

“தோள்ல வச்சிருக்கேன்.”

“அவரு சொல்றது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“நீங்க சொன்னீங்களா அப்படி?”

“இல்ல.”

அவள் தரையில் படுத்துக்கொண்டு பேசியிருக்க வேண்டும். வார்த்தை நேராகக் காதுக்கே வந்தது.

“அப்ப இன்னும் எதுக்குங்க தாங்கிட்டு நிக்கறீங்க?”

“பயமா இருக்குது.”

“எனக்கும்தான் பயமா இருக்குது. ஆனா அவரு விழமாட்டாரு. நல்லா இறுகிட்டாரு, நான் பாக்குறேனே. உங்களுக்குத் தோள் வலிச்சா நகருங்க.”

வரைவாளர் கண்ணை மூடிக்கொண்டார். வேலை கண்ணில் தெரிந்தது. வீடு தெரிந்தது, கீழ் வீட்டுக்காரர் தெரிந்தார். எல்லாம் வரிசையாக நின்று ‘குனி’ என்றன. பயம் போகும் என்று சற்றுக் காத்துப் பார்த்தார். அது போகிற ஜாதியாக இல்லை. ஆகவே பயத்தோடேயே ஓர் அடி நகர்ந்தார்.

ஷூக்கள் காற்றில் தொங்கின. தேடின. ஒன்றையொன்று உதைத்துக்கொண்டன.

வெளியே மேற்பாதி, “சமத்துவம் என்பது...” என்று தொடங்கி “...ஐயோ” என்று முடித்தது.

“தம்பி! தோள்! தோள் எங்க?”

“இங்கதாங்க இருக்குது.”

“வை! வயிறு அறுக்குது! வைப்பா!”

“தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா. வைக்கறேன். எல்லாரும் ஏன் இறங்கிப் போனாங்கன்னு மட்டும் அவங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லிடுங்க.”

“லிஃப்ட் பயம்!”

அதற்குப் பதிலை லிஃப்ட் சொன்னது. இன்னும் ஒரு சாண். தலைவரோடு சேர்ந்தே இறங்கியது. பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் தாழ்த்திப் பிடித்தார்கள்.

“மாட்டு டாக்டர்!” என்று அலறினார் தலைவர். “முழங்கால்! மறதி! பெரியப்பா!” கையிலிருந்த காரணமெல்லாம் தீர்ந்தது. ஷூ ஒன்று கழன்று வரைவாளரின் காலடியில் விழுந்தது. அதற்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத பாதியிலிருந்து, வெண்ணெய் இல்லாத ஒரு குரல் வந்தது.

“சாதி! சாதிதான்யா! அவன் சாதிக்காகத்தான் இறங்கினாங்க! நானும் அதுக்குத்தான் மூச்ச அடக்கினேன்! அவன் எதையும் திரும்ப வாங்கல, நான்தான் சொன்னேன்! போதுமா? தோள வைடா... வைங்க! வைங்க சாமி!”

கட்டடத்துக்குள் அந்தச் சொல் ஒலித்தது. கட்டடம் இடியவில்லை. செயலாளர் காதைப் பொத்தியிருந்ததால் அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

வரைவாளர் உடனே தோளைக் கொடுத்தார். கொடுத்து, மெல்ல உயர்த்தி, இறுக்கம் தளர்ந்ததும் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கினார். தலைவர் மூட்டைபோல் அவர் மேல் விழுந்தார். இருவரும் தரையில் சாய்ந்தார்கள். சாக்குக்கட்டிக் கட்டங்கள் இரண்டும் அழிந்து இருவர் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டன.

மெக்கானிக் வந்தார். முதலில் பித்தளைப் பலகையைக் கழற்றி எறிந்தார். ஏதோ சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை ஐந்தாவது மாடிக்கு இறக்கினார். கதவு திறந்தபோது, ஒற்றை ஷூவோடு தலைவர் வரைவாளரின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். யாரும் கேட்காமலே அந்தப் படம் நன்றாக வந்தது.

மனைவி உள்ளே வந்தாள். முதலில் கணவரின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, தொழில் பழக்கம், தலைவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

“உயிர் இருக்குது,” என்றாள். “மூச்சும் விடறாரு.”

வாரியம் சும்மா இருக்குமா? மறுநாளே கூடியது. தலைவர் அந்தச் சொல்லைச் சொன்னது உண்மைதான். ஆனால் சொன்னது மேற்பாதி மட்டுமே. கீழ்ப்பாதி அப்போது லிஃப்டுக்குள் இருந்ததால் தலைவர் முழுமையாக அவைக்கு வந்தவராகக் கொள்ள முடியாது. ஆகவே சொல் செல்லாது என்று தீர்ப்பு. பேச்சின் முற்பகுதியையும் அதே மேற்பாதிதானே பேசியது என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். அது மனதார வந்ததால் செல்லும் என்றார் செயலாளர். கேட்ட பத்திரிகைக்காரருக்கு அடுத்த பாராட்டு விழாவுக்கு அழைப்பில்லை.

ஆனால் ஊர் முழுக்கக் கேட்ட சொல்லை வாரியத்தால் வாபஸ் வாங்க முடியவில்லை. மேலதிகாரியின் குற்றச்சாட்டு, ‘கருணை அடிப்படையில்’ சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. வேலை தப்பியது. கீழ் வீட்டுக்காரர் மட்டும் மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். ‘வழி விடறாரு, மரியாதை’ என்றாள் நர்ஸ்.

மறுபடி வேலைக்குப் போன அன்று வரைவாளர் கொஞ்சம் தாமதமாகத்தான் கட்டடத்துக்கு வந்தார். லிஃப்ட் நிறைந்திருந்தது. மேலதிகாரி உள்ளே ஆழத்தில். பக்கத்து மேசைக்காரர் அவர் பக்கத்தில். மாட்டு டாக்டரின் நோயாளிகள் எல்லோரும் இருந்தார்கள்.

வழக்கமாக அவர் முன்னாலேயே ஏறி மூலைக்குப் போய்விடுவார்; மற்றவர்கள் இறங்கிப்போக வழி இருக்கும். இன்று கடைசியாக ஏறினார். மூலையில் இடமில்லை. வாசலிலேயே, வாசல் அகலத்துக்கு நின்றார். ஒல்லி மனிதர்தான். ஆனால் இறங்க வேண்டுமென்றால் அவரை உரசிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

உள்ளே ஒரே நேரத்தில் பல பேருக்குப் பல ஞாபகம் வந்தது. ஒருவரும் அசையவில்லை.

பொத்தான் முக்காலியிலிருந்து அவரை ஏறிட்டுப் பார்த்தார். அன்றைக்கென்று ஒவ்வொரு மாடியிலும் லிஃப்டை நிறுத்தினார். கதவு திறந்தது.

“ஒண்ணாவது மாடி. யாராச்சும் இறங்கறீங்களா?”

கதவு மூடியது. திறந்தது.

“ரெண்டாவது மாடி. படியில ஏறுறவங்க யாராச்சும் இருக்கீங்களா? டாக்டர் சொன்னவங்க?”

எல்லோரும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். ஒன்பதாவது மாடி வெகுதூரத்தில் இருந்தது. வரைவாளருக்கும் பயமாகத்தான் இருந்தது. தொண்டையில் அந்தப் பழைய இருமல் வந்து உட்கார்ந்தது.

இந்தத் தடவை அவர் அதை விழுங்கவில்லை. நன்றாக இருமினார்.